வாட்டை விட்டுட்டு கேஸ் மேனேஜ்மென்ட் பக்கம் போகலாமா? போனவை ஆராச்சும் இருக்கிறீங்களா

நாரிநோ_மிஸ் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா இங்க வாசிக்கிறதோட சரி, இண்டைக்குத்தான் எழுதுறன், நீளமா வந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

நான் கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மெடிக்கல் வாட்ல 9 வருஷமா நேர்ஸ். கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு. வெள்ளவத்தையில இருக்கிறம், ரெண்டு பிள்ளையள், மூத்தவனுக்கு இந்த வருஷம் ஸ்கொலர்ஷிப் சோதினை, அவர் வேலைக்குப் போக மாமிதான் வீட்டைப் பாக்கிறா. போன மாசம் பாரிசவாதம் வந்த ஒரு ஐயா, எப்பிடியும் 85 கிலோ இருப்பார், அட்டெண்டன் கீழ போயிருந்த நேரம் நானும் புதுசா வந்த பிள்ளை ஒண்டும் சேர்ந்து அவரை திருப்பினனாங்கள், நாரியில டக்கெண்டு ஒண்டு பிடிச்சுது பாருங்கோ, பிறகு மூண்டு நாள் படுக்கை. ஸ்கேன்ல டிஸ்க் கொஞ்சம் வெளிய வந்திருக்காம். டொக்டர் சொன்னார் இனி பாரம் தூக்க வேண்டாமாம். நான் சிரிச்சனான். வாட்ல பாரம் தூக்காம என்னத்தை செய்யிறது?

அலுப்பில கதைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ, 2022ல பெற்றோல் இல்லாத நாளெல்லாம் 100 பஸ்ஸில தொங்கிக்கொண்டு டியூட்டிக்கு போன ஆள் நான். உண்மையில எனக்கு வாட் பிடிக்கும். உடம்புதான் விடுதில்லை.

இப்ப ரெண்டு வழி கண்ணில படுது. ஒண்டு, எங்கட ஆஸ்பத்திரியிலயே டிஸ்சார்ஜ் டெஸ்க் எண்டு, ஆக்களை வீட்டுக்கு அனுப்புற ஒழுங்கை பாக்க ஒண்டு புதுசா போடப்போகினமாம், வாட் நேர்ஸ்மாரில ரெண்டு பேரை எடுப்பினமாம், சம்பளம் ஏறாது, நைட் இல்லை எண்டதால ஓவர்டைம் காசும் போயிடும். மற்றது பேஸ்புக்ல கண்டது, அமெரிக்கா ஆஸ்பத்திரியளுக்கு இங்க இருந்து வேலை செய்யிற கொம்பனி, ‘கேஸ் மேனேஜர், நேர்ஸ்மாருக்கு முன்னுரிமை, நைட் ஷிப்ட், டிரான்ஸ்போர்ட் உண்டு’ எண்டு போட்டிருக்கு, காசும் பரவாயில்லை. அதுக்கு கீழயே இன்னொருத்தர் வந்து மூண்டு மாச கிளாஸ் செய்தா சி.சி.எம். எண்ட அமெரிக்க கேஸ் மேனேஜர் சேர்ட்டிபிகேட் எடுக்கலாம் எண்டு விளம்பரம் போட்டு வச்சிருக்கிறார்.

இந்த கேஸ் மேனேஜ்மென்ட் எண்டா உண்மையில என்ன வேலை? கதிரையில இருந்து போன்ல கதைக்கிறது மட்டுமா? கை வேலையெல்லாம் மறந்துடுமா? மாமி சொல்லுறா வெள்ளை உடுப்பை கழட்டினா ஒருத்தரும் மதிக்கமாட்டினமாம். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, உங்களிட்ட கேக்கிறன்.

பனிநாட்டு_அக்கா எழுதினது:

தங்கச்சி, நானும் ஒரு காலம் கொழும்பு வாட்ல ஓடின ஆள்தான், பிறகு சவூதி, பிறகு என்கிளெக்ஸ் எண்ட அமெரிக்க நேர்ஸ் லைசன்ஸ் சோதினை எழுதி இப்ப நியூ ஜெர்சியில ஒரு ஆஸ்பத்திரியில கேஸ் மேனேஜர். அதால அமெரிக்கா பக்கத்து கதையை நான் சொல்லுறன், இலங்கை நடப்பை மற்றவை சொல்லட்டும்.

முதல்ல ஒண்டு, கதிரை வேலை எண்டு நினைச்சு வராதேங்கோ. நாரிக்கு நல்லம், ஆனா தலைக்கு இல்லை. காலமை 7.30க்கு என்ட கையில 20, 22 பேரின்ட லிஸ்ட் இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் நாலு கேள்வி. எப்ப போறார், எங்க போறார், போன இடத்தில ஆர் பாக்கிறது, காசு ஆர் குடுக்கிறது. இவ்வளவும்தான் வேலை, ஆனா இந்த நாலும் ஒரே நாளில சரிவந்தா அண்டைக்கு கோயில்ல தேங்காய் உடைக்கலாம்.

அதுக்குள்ள ரெண்டு வேலை கலந்து கிடக்கு. ஒண்டு டிஸ்சார்ஜ் ஒழுங்கு, மற்றது யூட்டிலைசேஷன் ரிவியூ, அதாவது இந்த ஆள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கிறதுக்கு காரணம் காணுமா எண்டு இன்டர்குவல், எம்.சி.ஜி. எண்டு இருக்கிற அளவுகோலை வச்சு ரிப்போட்டை பாத்து இன்சூரன்ஸுக்கு சொல்லுறது. சில இடத்தில ரெண்டையும் ஒரு ஆள், சில இடத்தில பிரிச்சு. வேலைக்கு கேக்கேக்க எது எண்டு கட்டாயம் கேளுங்கோ, ஏனெண்டா ரெண்டாவதில ஆக்களின்ட முகத்தையே காணாம வருஷக்கணக்கா இருக்கலாம்.

எனக்கு மறக்கேலாத ஒரு பாட்டியின்ட கதை சொல்லுறன், அப்பதான் விளங்கும். 84 வயசு, வீட்டில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில சின்ன வெடிப்பு, ஒபரேஷன் தேவையில்லை, வலிக்கு மருந்தும் நடக்கப் பழக்கிறதும்தான். மூண்டு இரவு எங்கட கட்டில்ல, எங்கட சாப்பாடு, கையில எங்கட பேர்ப் பட்டி. ஆனா கடுதாசியில அவ அட்மிட் ஆகேல்லை, ‘ஒப்சர்வேஷன்’, அதாவது சும்மா வச்சுப் பாக்கிறது மட்டும். மெடிகேர்ல, அதுதான் முக்கியமா வயசு போன ஆக்களுக்கு அமெரிக்க அரசாங்கம் குடுக்கிற இன்சூரன்ஸ், 2013 ஒக்டோபர்ல இருந்து ரெண்டு நள்ளிரவு விதி எண்டு ஒண்டு இருக்கு, ஆஸ்பத்திரியில மட்டும்தான் செய்யக்கூடிய வைத்தியம் ரெண்டு நள்ளிரவை தாண்டும் எண்டு டொக்டர் நினைச்சாத்தான் அட்மிஷன். இவவுக்கு அப்பிடி ஒரு வைத்தியமும் இல்லை எண்டு அப்பிடியே விட்டுட்டினம். இதில என்ன சிக்கல் எண்டா, பிறகு நடக்கப் பழக்கிற நேர்ஸிங் ஹோமுக்கு மெடிகேர் காசு கட்டவேணுமெண்டா அதுக்கு முதல் மூண்டு நாள் அட்மிட் ஆகி இருந்திருக்கவேணும். ஒப்சர்வேஷன் நாள் கணக்கில சேராது. அட்மிட் ஆகியிருந்தா முதல் 20 நாளுக்கு அவ ஒரு சதமும் கட்டத்தேவையில்லை. இப்ப முழுக்க கைக்காசு. 24 மணித்தியாலத்துக்கு மேல ஒப்சர்வேஷன்ல இருக்கிற மெடிகேர் ஆக்களுக்கு அதை எழுத்தில குடுத்து விளங்கப்படுத்தி கையெழுத்து வாங்கவேணும், 36 மணித்தியாலத்துக்குள்ள. அந்த கடுதாசியை நீட்டினது நான்தான். மகள் என்னைப் பாத்த பார்வை... வாட்ல ஒரு நாளும் என்னை ஒருத்தரும் அப்பிடி பாத்ததில்லை. கடைசியா வீட்டுக்கே தெரபிஸ்ட் வாற மாதிரி ஒழுங்கு செய்து, குளியலறைக்கு பிடி பூட்ட ஆள் தேடி, பேரப்பிள்ளையின்ட கொலேஜ் நேரத்தை பாத்து ஆர் எப்ப நிக்கிறது எண்டு டைம்டேபிள் போட்டு அனுப்பினனாங்கள். அண்டைக்கு எனக்கு வாட்ல படிச்சதெல்லாம் தேவைப்பட்டுது, இந்த பாட்டி கக்கூஸுக்கு எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு கட்டிலடியில நிண்டவளுக்குத்தான் தெரியும்.

கை வேலை மறக்குமா எண்டு கேட்டீங்கள். நரம்பில கனுலா ஊசி போடுறது மறக்கும். எனக்கு மறந்திட்டுது. கண் மறக்காது.

சி.சி.எம். கதைக்கு வாறன். அந்த கிளாஸுக்கு காசு கட்டாதேங்கோ. சோதினை எழுதவே அமெரிக்காவில செல்லுபடியாகிற லைசன்ஸோ அதுக்கு ஏத்த டிகிரியோ வேணும், அதோட கேஸ் மேனேஜரா முழுநேர வேலை செய்த அனுபவம், சி.சி.எம். இருக்கிற ஒருத்தருக்கு கீழ எண்டா 12 மாசம், இல்லாட்டி 24 மாசம். பிறகுதான் 180 கேள்வி, மூண்டு மணித்தியாலம். எடுத்தாலும் 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கவேணும். கொழும்பில இருந்து மூண்டு மாசத்தில சி.சி.எம். எண்டு ஒருத்தர் சொன்னா அவர் விக்கிறது வேற ஏதோ. அமெரிக்கா வாற எண்ணம் இருந்தா அந்த காசையும் நேரத்தையும் என்கிளெக்ஸில போடுங்கோ, லைசன்ஸ் இல்லாம இங்க ஒரு கதவும் திறக்காது.

சும்மா_ஒருத்தன் எழுதினது:

என்ட மச்சாளும் இப்பிடித்தான் வாட்டை விட்டுட்டு ஏசிக்குள்ள போய் இருந்தா, ஆறு மாசத்தில 8 கிலோ கூடிட்டா. எனக்கு தெரிஞ்சது அவ்வளவுதான்.

க்ளெய்ம்ஸ்_நானா எழுதினது:

சலாம், வணக்கம் எல்லாருக்கும். நான் நேர்ஸ் இல்ல, கொழும்புல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி மெடிக்கல் க்ளெய்ம்ஸ்ல 11 வருஷம். எங்கள மாதிரி இன்சூரன்ஸ் கம்பெனின்னு மூனாவது வழி ஒன்னும் இருக்குன்னு தங்கச்சிக்கு சொல்லத்தான் வந்தேன்.

எங்க நாட்டுல கவர்மென்ட் ஆஸ்பத்திரி இலவசம், அதனால அமெரிக்கா மாதிரி கேஸ் மேனேஜர்னு ஒரு கிரேடே இல்ல, அந்த வேலைய வாட் சிஸ்டரும் சமூக சேவை ஒஃபிசரும் பப்ளிக் ஹெல்த் நேர்ஸும் ஆளுக்கு கொஞ்சமா இழுத்துட்டு போறாங்க. ப்ரைவட்ல காசு பேசுது, அங்கதான் எங்கட ஆளுங்க வாறாங்க. கம்பெனி மெடிக்கல் கார்ட் வச்சிருக்கிற பேஷன்ட் அட்மிட் ஆனா ஆஸ்பத்திரி எங்களுக்கு விபரம் அனுப்பும், நாங்க பாத்து இவ்வளவுக்கு அப்ரூவல்னு லெட்டர் குடுப்போம், போற அன்னைக்கு ஃபைனல் பில்லோட, என்ன நோய், என்ன வைத்தியம்னு எழுதுற டயக்னோசிஸ் கார்டும் வரும். அந்த நேரத்துல பேஷன்ட் உடுப்பு மாத்திட்டு பேக்கோட கட்டில்ல குந்திட்டு இருப்பாரு, மூனு நாலு மணித்தியாலம். நீங்க வாட்ல பாத்திருப்பீங்க, ஏச்சும் நீங்கதான் கேட்டிருப்பீங்க 🙂

ஏன் லேட்னு கேட்டா, பாதி நாள் காரணம் பேப்பர்தான். கார்ட்ல ‘செஸ்ட் பெய்ன்’னு மட்டும் எழுதி இருக்கும், ஈசிஜி, ட்ரோபொனின்னு ஹார்ட்டுக்கு பாக்குற ரத்த டெஸ்ட், எந்த ரிசல்ட்டும் இருக்காது, நாங்க திருப்பி கேப்போம், வாட்ல யாரும் ஃபோன் எடுக்க மாட்டாங்க, ஹவுஸ் ஒஃபிசர் டொக்டர் ஒபரேஷன் தியேட்டர்ல. ஒரு நேர்ஸ் அந்த டெஸ்க்ல இருந்தா இந்த கேள்வி எங்கிட்ட இருந்து வாறதுக்கு முன்னாடியே பதில வச்சிருப்பாங்க. அதனால உங்க ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் டெஸ்க்க லேசா நினைக்க வேணாம். எங்க பக்கமும் நேர்ஸ்மார எடுக்குறோம், பெட் ஹெட் டிக்கெட்ட, அதான் வாட்ல பேஷன்ட்ட பத்தி எழுதுற ஃபைல, வாசிக்க தெரிஞ்ச ஆளு எங்களுக்கு தங்கம்.

ஆனா ஒன்னு மனசுல வச்சுக்கோங்க. எங்க பக்கம் வந்தா நீங்க காசு குடுக்குறவங்க பக்கம். பொலிசியில இல்லாதத இல்லன்னு சொல்லணும், அது ஏழை தாத்தாவா இருந்தாலும் சரி. என்னோட வேல பாத்த ஒரு மிஸ் நாலு மாசத்துல போயிட்டாங்க, தூக்கம் வரலன்னு. இன்னொருத்தங்க இருக்காங்க, அவங்க இல்லன்னு சொல்றதோட நிக்காம எத எழுதிட்டு வந்தா ஆகும்னு சொல்லி அனுப்புவாங்க. அவங்கள மேனேஜருக்கு பிடிக்காது, எனக்கு பிடிக்கும்.

அப்புறம் சம்பளம் பேசும்போது அலவன்ஸ் சேக்காத பேஸிக் சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க. அந்த நைட் கம்பெனி மட்டுமில்ல, எங்க போனாலும். மொத்தத் தொகைய பெரிசா காட்டி அதுல முக்காவாசி அலவன்ஸா இருந்தா ஈபிஎஃப், அதான் பிற்காலத்துக்கு சேர்ற காசு, எந்த தொகைக்கு கட்டுறாங்கன்னு பாக்கணும். ஈபிஎஃப்புக்கு கம்பெனி நூத்துக்கு 12, நீங்க 8, ஈடிஎஃப்னு இன்னொரு நிதிக்கு கம்பெனி 3, இதெல்லாம் எந்த தொகைக்குன்னு லெட்டர்ல பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

நாரிநோ_மிஸ் எழுதினது:

அக்கா, அந்த பாட்டியின்ட கதையை ரெண்டு தரம் வாசிச்சனான். நானா, மெத்த நன்றி, பேஸிக் கதை எனக்கு ஓடவே இல்லை. கிளாஸுக்கு காசு கட்டுறதை விட்டுட்டன். கட்டி இருந்தா பிள்ளையின்ட டியூஷன் காசுதான் போயிருக்கும்.

அந்த அமெரிக்கா கொம்பனி வேலையை உண்மையா செய்தவை ஒருத்தரும் இல்லையா? சனிக்கிழமை வரச்சொல்லி இருக்கினம்.

ஹட்டன்_பொண்ணு எழுதினது:

நான் செஞ்சிருக்கேன் மிஸ். ஊரு ஹட்டன் பக்கம், இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கேன். வாட்ல 6 வருஷம், அப்புறம் இந்த மாதிரி ஒரு கம்பெனியில 14 மாசம், இப்ப வேற ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் டெஸ்க். கம்பெனி பேரு சொல்லல, நீங்க போற இடமா இருக்கணும்னும் இல்ல.

நேரம்தான் மொத விஷயம். அமெரிக்கா கிழக்குப் பக்கம் காலையில 8 மணின்னா நமக்கு சாயங்காலம் 5.30. முடியிறது விடிய 2.30. நவம்பர்ல அவங்க கடிகாரத்த மாத்துவாங்க, அப்ப நமக்கு 6.30ல இருந்து 3.30. வேன் வீட்டு வாசல் வரைக்கும் வரும், அது பொய் இல்ல, ஆனா அந்த வேன் எட்டு பேர எறக்கிட்டு வர்றப்ப மணி நாலரை, பால்காரர் கூட எந்திரிச்சிருப்பாரு. உங்க மகனுக்கு சோதினை வருஷம்னு சொல்றீங்க, அவன் ஸ்கூல் விட்டு வர்ற நேரம் நீங்க கெளம்புற நேரம். இத யோசிச்சுக்கோங்க.

ரெண்டாவது, பேரு. எனக்கு லெட்டர்ல கேஸ் மேனேஜர்னுதான் போட்டிருந்தாங்க. ஆனா நமக்கு அந்த நாட்டு லைசன்ஸ் இல்ல, அதனால முடிவு எடுக்கிற வேல ஒன்னும் நம்ம கையில தர முடியாது, மருந்த பத்தி ஒரு வார்த்த சொல்லக்கூட முடியாது. ரிப்போர்ட் சேக்கிறது, அப்பொயின்ட்மென்ட் ஞாபகப்படுத்துறது, ஃபோர்ம் நிரப்புறது, வீட்டுக்கு போன பேஷன்ட்டுக்கு கோல் எடுத்து ஸ்க்ரிப்ட்ல உள்ளத கேக்கிறது. ஒரு கோல் எத்தனை நிமிஷம்னு கணக்கு, நாம பேசுறத ஒரு ஆளு கேட்டு மார்க் போடுவாங்க. மெடிகெய்ட்னு வருமானம் கொறஞ்சவங்களுக்கு உள்ள அரசாங்க இன்சூரன்ஸ், அந்த பேஷன்ட் விபரம் சில மாநிலத்துல நாட்ட விட்டே வெளிய வரக்கூடாது, அந்த ஒப்பந்தமெல்லாம் நமக்கு வராது, அதனால ஒரு மாசம் வேல நெறைய, மறுமாசம் சும்மா குந்திட்டு இருப்போம்.

ஆனாலும் ஒரு ராத்திரி சொல்றேன். ஹார்ட் ஃபெயிலியர் உள்ள ஒரு தாத்தா, மொத நாள் வீட்டுக்கு போயிருக்காரு. இந்த மாதிரி பேஷன்ட் 30 நாளுக்குள்ள திரும்பி வர்றது கூடுனா அந்த ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் காசு வெட்டும், 2012ல இருந்து அப்படி, அதனாலதான் இந்த கோலே எடுக்கிறாங்க. ஸ்க்ரிப்ட்ல எட பாத்தீங்களான்னு ஒரு கேள்வி, ஒரு நாள்ல ரெண்டு மூனு பவுண்ட், இல்லாட்டி வாரத்துல அஞ்சு பவுண்ட் கூடுனா ஒடம்புல தண்ணி சேருதுன்னு டொக்டருக்கு சொல்லணும். அவரு தராசே இல்லம்மான்னாரு. சரின்னு அடுத்த கேள்விக்கு போகணும், அடுத்தது ஆஸ்பத்திரி சாப்பாடு பிடிச்சிச்சான்னு. ஆனா அவரு ‘தராசே’ன்னு ஒரு மூச்சு, ‘இல்ல’ன்னு ஒரு மூச்சு. ஒரு வசனத்த முடிக்க முடியல. படுத்தா மூச்சு முட்டுதான்னு தெரிய, ராத்திரி எத்தன தலையணைன்னு கேட்டேன், ஸ்க்ரிப்ட்ல அது இல்ல, கதிரையிலதான் தூங்குனேன்னாரு. லைன்ல வச்சபடியே அங்க உள்ள லைசன்ஸ் நேர்ஸ இழுத்து விட்டேன், அவங்க அம்புலன்ஸ் அனுப்புனாங்க. அந்த கோலுக்கு எனக்கு மார்க் கொறஞ்சிச்சு, ஸ்க்ரிப்ட்ட விட்டு வெளிய போனேன்னு. அப்புறம் சுப்பர்வைசர் பேசி திருத்துனாங்க, அது வேற கதை.

அதனால வேலை மோசம்னு சொல்ல வரல. என்னோட இருந்த ரெண்டு பேரு இன்னும் நல்லா இருக்காங்க, இங்கிலிஷ் காதுக்கு பழகிருச்சு, என்கிளெக்ஸ் படிக்கிறாங்க. எனக்கு ஒத்து வரல. தாத்தா பொழச்சாரா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியல, அதுதான் எனக்கு கஷ்டம்.

இப்ப டெஸ்க்ல தெரியுது. போன மாசம் டிக்கோயா தோட்டத்து ஐயா ஒருத்தர், பாரிசவாதம், மூக்குல ட்யூப், யூரின் பேக். மக கட்டார்ல இருந்து காசு அனுப்பி இங்க வச்சிருந்தாங்க, காசு முடிஞ்சிருச்சு, துண்டு வெட்டியாச்சு, அதான் டிஸ்சார்ஜ். டயக்னோசிஸ் கார்ட் முழுக்க இங்கிலிஷ். பாக்க போறது மருமக, அவங்க தமிழ்தான் வாசிப்பாங்க. ரோட்ல இருந்து லயத்து வீட்டுக்கு நாப்பது படி, வீல் செயார் வாங்கி குடுத்து என்ன செய்ய? அதனால தூக்கிட்டு போற மாதிரி கதிரை ஒன்னு கேட்டு வாங்குனோம், மருமகள ரெண்டு நாள் வாட்டுக்கு வரச்சொல்லி ட்யூப்ல பால் குடுக்க வாட் மிஸ்மார் பழக்குனாங்க, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி சொல்லி வச்சோம், எல்லாத்தையும் தமிழ்ல ஒரு பக்கம் எழுதி குடுத்தேன். மூனாம் நாள் நானே கோல் எடுத்தேன். ட்யூப் கழண்டிருச்சு, ஆனா மருமக பயப்படாம பால நிப்பாட்டிட்டு டிக்கோயாவுக்கு கூட்டிட்டு போயிருந்தாங்க.

சனிக்கிழமை போனா இத மட்டும் கேளுங்க: லைசன்ஸ் நேர்ஸுக்கு கோல மாத்த எத்தன நிமிஷம் எடுக்கும், ஸ்க்ரிப்ட்ட விட்டு வெளிய கேட்டா என்ன ஆகும், வேல கொறஞ்ச மாசம் சம்பளம் என்ன. பதில் சொல்ற முகத்த பாருங்க.

நாரிநோ_மிஸ் எழுதினது:

சனிக்கிழமை போய்ட்டு வந்தன். கேள்வி மூண்டையும் கேட்டன். முதல் ரெண்டுக்கும் அந்த பிள்ளை ‘ட்ரெய்னிங்ல சொல்லுவினம்’ எண்டா. மூண்டாவதுக்கு பேஸிக் மட்டும்தானாம், பேஸிக்கை பாத்தன், இப்ப எடுக்கிறதின்ட பாதியும் இல்லை. நானா, நீங்கள் சொன்னது அச்சொட்டு.

திங்கள் மேட்ரனிட்ட போய் டிஸ்சார்ஜ் டெஸ்க்குக்கு பேர் குடுத்திட்டன். மூண்டு மாசம் பாத்துட்டு நிரந்தரமாக்குவினமாம். உடுப்பு வெள்ளைதானாம், மாமிக்கு சொன்னன், ஒண்டும் பேசேல்லை, தேத்தண்ணி ஊத்தி தந்தவ. ஓவர்டைம் இல்லாம குறையிற காசுக்கு என்ன செய்யிறது எண்டு அவரும் நானும் இன்னும் கணக்கு பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்.

ஹட்டன் தங்கச்சி, நீங்கள் எழுதிக் குடுத்த அந்த தமிழ்ப் பக்கம், பேர் விபரம் எல்லாத்தையும் எடுத்துட்டு எனக்கு ஒரு கொப்பி அனுப்ப ஏலுமா? எங்கட வாட்லயும் நாளையிண்டைக்கு ஒரு அம்மா ட்யூப்போட மன்னார் போறா.

ஹட்டன்_பொண்ணு எழுதினது:

மெசேஜ்ல போட்டுட்டேன் மிஸ். ட்யூப் கழண்டா என்ன செய்யணும்ங்கிறத மேலயே பெருசா எழுதுங்க. நான் மொதல்ல அத கடைசியில போட்டிருந்தேன், யாரும் அது வரைக்கும் வாசிக்கல.